கோர்ட்டுக்குப் போன கரண்டி

அன்றைக்குக் கோர்ட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

மாஜிஸ்ட்ரேட். மேலே உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது.

சர்க்கார் வக்கீல். கறுப்புக் கோட்டு, அக்குளில் வெளுத்தது.

சண்முகத்தின் வக்கீல். இவர் கோட்டு புதுசு. கையில் நீளமான காகிதம்.

சண்முகம். மைன்ஸ் கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர். எதிரிக் கூண்டில் நின்றார்.

கலியபெருமாள் மேஸ்திரி. அடிபட்டவர். முன் பெஞ்சியில், புருவத்தைத் தடவிக்கொண்டு.

செல்லம்மா. சண்முகத்தின் சம்சாரம். வாசலோரம் நின்றாள்.

நான். சாட்சிக் கூண்டில்.

மேஜை மேல் கரண்டி.

கரண்டியையும் ஆளோடு சேர்த்து எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். எங்களையெல்லாம் அங்கே கூட்டி வந்ததே அதுதான்.

காம்பு என் கை நீளம்

போன வாரம் மண் சுமந்ததை எழுதினேன். அதைப் படித்துவிட்டுப் பத்திரிகைக்காரத் தம்பி 'இன்னும் விரிவாக எழுதுங்கம்மா' என்று கார்டு போட்டிருக்கிறார். நான் நாலாங்கிளாஸ். விரிவாக எழுதினால் கை வலிக்கும். முடிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

மண் சுமந்து கழுத்து போன பிறகு கேன்டீனில் பாத்திரம் தேய்க்கப் போட்டார்கள். போட்டுவிட்டவர் கலியபெருமாள் மேஸ்திரி. எங்கள் ஊரான வடக்குத்துக்காரர். எட்டத்துச் சொந்தம். மாமா என்று கூப்பிடுவேன். எங்களைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அவர் வைத்ததுதான் வேலை.

அப்போது நெய்வேலியில் கரண்ட் எடுக்க ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். ஒரு ஷிப்டுக்கு முந்நூறு பேர் சாப்பிடுவார்கள். அண்டா என் மார் உயரம். கடையில் விற்கிற கரண்டி அதன் அடிக்கு எட்டாது. ஒர்க்ஷாப்பில் ஒரு வெல்டர் கரண்டி செய்து கொடுத்தார். இரும்புக் கிண்ணம். காம்பு என் கை நீளம். காம்பு முனையில் அண்டா விளிம்பில் மாட்டுவதற்குக் கொக்கி.

ஆளுக்கு ஒரு கரண்டி. அது சண்முகத்தின் சட்டம். ஆபீசர் வந்து தட்டை நீட்டினாலும் ஒரு கரண்டிதான். அரைக் கரண்டி கூடக் கேட்டால், "பொறவு கடைசி ஆளுக்கு என் ரத்தத்தையா ஊத்த?" என்பார்.

சண்முகம் திருநெல்வேலிப் பக்கம். ஒல்லி. இன்னும் கொஞ்ச மாதத்தில் பர்மனென்ட் ஆக வேண்டியவர். பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ். அது வரைக்கும் வடக்குத்தில் எங்கள் தெருவில் ஒரு கொட்டகையில் இருந்தார்கள். மழை பெய்தால் செல்லம்மா எல்லாப் பாத்திரத்தையும் எடுத்து ஒழுகுகிற இடத்தில் வைப்பாள். ஊரிலிருந்து ஒரு ஆட்டுரல் கொண்டுவந்திருந்தாள். குவார்ட்டர்ஸில் அதை எந்த மூலையில் போடுவது என்று முடிவு செய்திருந்தாள். எந்த பிளாக் என்று தெரியாது. மூலை தெரியும்.

ஒரு டம்ளர்

அன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார். மேஸ்திரி தாமதமாக வந்தார். பசி. வரிசையில் நிற்கவில்லை. நேரே அண்டாவுக்கு வந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த டம்ளரையே உள்ளே விட்டார்.

"எச்சித் தம்ளரப் போடாதேயும்! முந்நூறு பேரு திங்கது!"

"எனக்கே சொல்றியாடா?"

சண்முகம் கரண்டியால் அவர் கை மேல் ஒன்று போட்டார். டம்ளர் சாம்பாருக்குள் போய்விட்டது. மேஸ்திரி அதை எடுக்கக் குனிந்தார். அதே நேரம் சண்முகம் கரண்டியை இழுத்தார். கொக்கி மேஸ்திரியின் புருவத்தில் பட்டது. ரத்தம் வந்தது. இரண்டு தையல்.

இவ்வளவுதான் நடந்தது. அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். வரிசையில் நின்ற மற்றவர்கள் எல்லோரும் அந்த நேரம் பார்த்து அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அப்படித்தான் பிறகு சொன்னார்கள்.

ஏட்டு எழுதியது

மேஸ்திரி ஸ்டேஷனில் போய்ச் சொன்னது: "சாம்பார் ஊத்துறவன் கரண்டியால அடிச்சிட்டாங்க."

ஏட்டு எழுதிக்கொண்டது: 'கொக்கியுடன் கூடிய இரும்பு ஆயுதத்தால் ஓங்கித் தாக்கி ரத்தக் காயம் விளைவித்தார்.'

ஏட்டைக் குற்றம் சொல்ல மாட்டேன். எல்லாக் கேஸையும் அவர் அப்படித்தான் எழுதுவார் போலிருக்கிறது. ஆனால் அதைப் படித்துக் காட்டியதும் மேஸ்திரிக்கே உடம்பு நடுங்கியதாம். அது வரைக்கும் வெறும் கோபமாக இருந்தவர், வீட்டுக்கு வந்து, "நான் பொழச்சி வந்ததே பெருசு" என்று சொல்லிப் படுத்துவிட்டார். அவர் சம்சாரம் கோழி அடித்து ரசம் வைத்துக் கொடுத்தாள்.

போலீஸ் வந்து கரண்டியை எடுத்துக்கொண்டு போனது. கழுவாமல் எடுத்துப் போனார்கள். எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது.

கையால் அடித்தால் ஒரு செக்ஷன், ஆயுதத்தால் அடித்தால் வேறு செக்ஷன் என்று கேன்டீன் மேனேஜர் சொன்னார். நல்ல மனுஷர். கொஞ்சம் சட்டம் படித்து பாதியில் விட்டவர். ஆயுதச் செக்ஷனில் தண்டனை விழுந்தால் சண்முகத்துக்கு பர்மனென்ட் கிடையாது. இருக்கிற வேலையும் கிடையாது. ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு வார்த்தை அவ்வளவு செய்யுமா என்று கேன்டீனில் சிலர் கேட்டார்கள். நான் கேட்கவில்லை.

தரிசு

சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது அளக்க வந்தார்கள். என் அப்பா விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குக் கம்பு போட்ட கொல்லை ஒன்று இருந்தது. அறுத்து நாலு நாள்தான். கம்பந்தாள் அப்படியே நின்றது. வந்தவர், "இது என்னா பெரியவரே?" என்று கேட்டார்.

"அறுத்த கொல்லைங்க" என்றார் அப்பா.

வந்தவர் நோட்டில் 'தரிசு' என்று எழுதினார். என்ன எழுதினார் என்று அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், எனக்கு எழுத்துக் கூட்ட வரும். சொல்லவில்லை. சின்னப் பெண். அதிகாரி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

தரிசில் பயிர் வைத்தவன் என்று யாரும் கிடையாது. அப்பா பேர் எந்த நஷ்டஈட்டுக் காகிதத்திலும் வரவில்லை. மறு மாதம் அதே கொல்லையில் கூலிக்கு மண் வெட்டினார்.

அளக்க வந்தவர் அந்த வார்த்தையை ஒரே ஒரு தடவைதான் எழுதினார். போதுமாயிருந்தது.

மக்கில் ஊற்றிய சாம்பார்

இங்கே கேன்டீனில் வேறு சங்கடம்.

கரண்டி இல்லை. மேனேஜர் புதுக் கரண்டி கேட்டு ஸ்டோருக்கு எழுதினார். 'பழைய கரண்டி உடைந்ததாகவோ தொலைந்ததாகவோ தெரியவில்லை. எனவே புதியது தர இயலாது' என்று பதில் வந்தது. சரி, பழையதைக் கொடுங்கள் என்று கோர்ட்டுக்கு எழுதினார். வழக்கு முடியும் வரை தர முடியாது என்று அங்கிருந்து பதில். இரண்டு பதிலையும் சேர்த்துக் குத்திச் சுவரில் மாட்டினார். எல்லோரும் படித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

நாலு மாதம் அலுமினிய மக்கில் ஊற்றினோம். சண்முகத்தைச் சாம்பார் பக்கம் விடாமல் விறகு சுமக்கப் போட்டிருந்தார்கள். மக் அண்டாவின் அடிக்கு எட்டாது. மேலே இருக்கிற தண்ணி எல்லோருக்கும் வந்தது. கீழே இருக்கிற பருப்பு அண்டாவிலேயே தங்கியது. தேய்க்கிற எனக்குத்தான் தெரியும்.

முதல் வாரம் ஷிப்டு ஆட்கள் இரண்டு கட்சியாக இருந்தார்கள். உள்ளூர் ஆட்கள் மேஸ்திரி பக்கம். வெளியூர் ஆட்கள் சண்முகம் பக்கம். இரண்டு மாதத்தில் எல்லோரும் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள். கரண்டி கட்சி.

ஆளுக்கு ஒரு வார்த்தை

சாட்சிக்கு என் பேரைத்தான் எழுதியிருந்தார்கள். சர்க்கார் தரப்புச் சாட்சி. சம்மன் வந்த மறுநாள் மேஸ்திரி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அமிர்தம், பொய் சொல்ல வேணாம். கோர்ட்டுல உண்மயத்தான் சொல்லணும்."

"ஆமாம் மாமா."

"ஒரே ஒரு வார்த்த மட்டும் சேர்த்துக்க. ஓங்கி. ஓங்கி அடிச்சான்னு சொல்லு. மீதிய வக்கீல் பாத்துக்குவாரு."

"பாக்கலாம் மாமா."

"என்னா பாக்கறது? உன்ன கேன்டீனுல போட்டது யாரு?"

"நீங்கதான் மாமா."

"அத நெனப்புல வச்சிக்கினு பேசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் செல்லம்மா வந்தாள். எதிர்க் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள்.

"யக்கா, வக்கீல் குமாஸ்தா ஒண்ணு சொல்லி விட்டிருக்காரு. 'அடிச்சாரு'ன்னு மட்டும் ஒங்க வாயில வரப்பிடாதாம். 'பட்டுச்சு'ன்னு சொல்லணுமாம்."

"கரண்டி தானா பறந்து வந்து பட்டுச்சா?"

"அப்படித்தான் சொல்லச் சொல்லுதாரு."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பிறகு மூக்கைச் சிந்தினாள்.

"ஒரல வித்துரட்டுமாக்கா? ஊருக்குப் போவணும்னா அதத் தூக்கிட்டுப் போவ முடியாது."

"இரு" என்றேன்.

பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போகும்போது அவர்கள் கொடுத்த இரண்டு வார்த்தையும் என்னிடம் இருந்தது. ஒன்று நடக்காததைச் சேர்க்கச் சொல்கிறது. ஒன்று நடந்ததை மறைக்கச் சொல்கிறது. இரண்டையும் கேட்டால் பொய் மாதிரியே தெரியாது. அதுதான் விசேஷம்.

எந்த ஊர்க் கோர்ட் என்று எழுதவில்லை. எங்கள் சொந்தக்காரர்களுக்கு அங்கே இன்னும் வாய்தா இருக்கிறது.

கூண்டில்

டவாலி என் பேரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார். ஏறி நின்றேன். சத்தியம் வாங்கினார்கள்.

சர்க்கார் வக்கீல் கேட்டார். "சம்பவத்தன்று எதிரி இந்த ஆயுதத்தால் தாக்கியதை நீ பார்த்தாயா?"

நான் மேஜையைப் பார்த்தேன். "எந்த ஆயுதங்க?"

மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்தார். "மெதுவாப் பேசும்மா. இங்கே யாரும் செவிடு இல்லை."

"கேன்டீனுங்க. முந்நூறு பேருங்க" என்றேன். அதையும் சத்தமாகத்தான் சொன்னேன். அந்தச் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை.

"மேஜை மேல் இருக்கிறதே, அந்த ஆயுதம்" என்றார் வக்கீல்.

"கரண்டிதாங்க இருக்குது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வேறு ஏதாவது கத்தி கித்தி காட்டுவார்களோ என்று உண்மையிலேயே தேடினேன்.

வக்கீலுக்குக் கோபம். கரண்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதுதான். வாங்கி நன்றாகப் பார்த்துச் சொல்."

வாங்கினேன். நாலு மாதத் தூசி. கிண்ணத்தில் சிலந்தி வலை கட்டியிருந்தது. விளிம்பில் அன்றைக்குக் காய்ந்த பருப்பு அப்படியே இருந்தது. காம்பில் அரக்கு முத்திரை வைத்த சீட்டு தொங்கியது.

அப்புறம் நடந்தது எனக்குத் தெரிந்து நடக்கவில்லை. முந்தானையை எடுத்துக் கிண்ணத்தை உள்ளே துடைத்தேன். வெளியே துடைத்தேன். பருப்பை நகத்தால் சுரண்டினேன். போச்சா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

"அம்மா! அம்மா! கரண்டியைத் துடைக்காதே! கரண்டியைக் கீழே வை!"

கத்தியது சர்க்கார் வக்கீல்.

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றினார்.

"எதைக் கீழே வைக்கச் சொன்னீர்?"

"சான்றுப் பொருளை, எசமான்."

"என் காதில் வேறு மாதிரி விழுந்தது" என்றார். என் பக்கம் திரும்பினார். "ஏம்மா துடைத்தாய்?"

"தூசியா இருந்திச்சிங்க. சோத்துக்குப் போற சாமான்."

கரண்டியை மேஜையில் வைத்தேன். பளபளவென்று இருந்தது. சண்முகத்தைப் பார்த்தேன். அவரும் கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "சரி. எதிரி ஓங்கி அடித்தாரா?"

"ஓங்கலீங்க."

"அடிக்கவே இல்லையா?"

"அடிச்சாருங்க."

சண்முகத்தின் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் செல்லம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கே அடித்தார்?"

"கையில. ஒரு தடவ."

"அப்படியானால் புருவத்தில் காயம்?"

"இவரு குனிஞ்சாரு. அவரு கரண்டிய இழுத்தாரு. கொக்கி பட்டுச்சிங்க."

இப்போது மேஸ்திரி சாய்ந்தார். சண்முகத்தின் வக்கீல் கண்ணைத் திறந்தார்.

"அடித்தாரா, பட்டதா? ஏதாவது ஒன்றைச் சொல்" என்றார் சர்க்கார் வக்கீல்.

"கையில அடிச்சது. புருவத்துல பட்டது. ரெண்டும் வேற வேறங்க."

மாஜிஸ்ட்ரேட் தானே கேட்டார். "கையில் ஏன் அடித்தார்?"

"எச்சி டம்ளர அண்டாவுல வுட்டாருங்க."

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். புருவத்தில் இருந்த மேஸ்திரியின் கை இறங்கி மடிக்குப் போய்விட்டது.

"என்ன சாம்பார்?"

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "எசமான், இதையும் எழுதணுமா?"

"முருங்கக்காய்ங்க" என்றேன் நான்.

மணி ஒன்று இருக்கும். எழுதச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா, எனக்கு நினைவில்லை. எச்சில் விழுங்கினார். அது நினைவிருக்கிறது.

அடுத்து சண்முகத்தின் வக்கீல் கேட்க வேண்டும். நீளக் காகிதத்தோடு எழுந்தார். கரண்டியைப் பார்த்தார். மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்தார். காகிதத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, "கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். அதில் பெரிய பெரிய வார்த்தை எல்லாம் இருந்ததாம். மேனேஜர் பிறகு சொன்னார். புதுக் கோட்டுக்காரருக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரிந்திருந்தது. அன்றைக்கு அவர் செய்த நல்ல வேலை அது.

சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கார் வக்கீல் வாதம் செய்தார். பெஞ்சியில் உட்கார்ந்து கேட்டேன். பாவமாக இருந்தது. 'ஆயு' என்று ஆரம்பிப்பார். மாஜிஸ்ட்ரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். இவர் 'கரண்டி' என்று முடிப்பார்.

மூன்று குச்சி

தீர்ப்பு கொஞ்ச நாளில் வந்தது. கையில் அடித்தது தப்பு என்று சொல்லி, சண்முகத்தை எச்சரித்து அனுப்பிவிட்டார். ஆயுதச் செக்ஷன் நிற்கவில்லை. வேலைக்கு இது குறுக்கே வராது என்று மேனேஜர் நாலு பேரைக் கேட்டு உறுதி செய்துகொண்டார். கேன்டீனில் அதை அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். கரண்டியைத் திருப்பித் தரவும் உத்தரவு என்றார். அதற்குத்தான் கை தட்டினார்கள்.

சண்முகம் பர்மனென்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. செல்லம்மா நினைத்து வைத்த மூலையில் தண்ணீர்க் குழாய் இருந்தது. உரலை வேறு மூலையில் போட்டாள். முதல் மாவு ஆட்டி எனக்குத்தான் கொண்டுவந்தாள். கொஞ்சம் கொரகொரப்பு. சொல்லவில்லை.

மேஸ்திரி என் வேலையை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் தட்டோடு வரிசையில் வந்து நின்றார்.

"ஊத்துய்யா" என்றார் சண்முகத்திடம்.

"ஒரு கரண்டிதான் வே."

"தெரியும்யா. கோர்ட்டே சொல்லிடுச்சி."

கோர்ட் அப்படிச் சொல்லவில்லை. யாரும் திருத்தவில்லை. பின்னால் பேரப்பிள்ளைகள் புருவத் தழும்பைக் கேட்டபோது 'மைன்ஸ் ஆக்சிடென்ட்' என்று அவர் சொன்னதாகக் கேள்வி. அவரும் வார்த்தை எடுக்கப் பழகிவிட்டார்.

தீர்ப்பு நகல் மேனேஜர் மேஜையில் இருந்தது. இங்கிலீஷில் டைப் அடித்தது. ஒருநாள் அண்டா தேய்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய், "சார், இதுல கரண்டின்னு எங்க போட்டிருக்குது?" என்று கேட்டேன்.

விரலால் காட்டினார். குட்டை வார்த்தை. அதில் மூன்று நெட்டைக் குச்சி நிற்கிறது.

"ஆயுதம் எதுங்க?"

அதையும் காட்டினார். அது கோணல் கோணலாக ஆரம்பிக்கிறது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. குச்சி தெரியும். அவருடைய பென்சிலை வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். ஒவ்வொரு பக்கமாகத் தேடி, அடியில் சின்னதாகக் கோடு போட்டேன். கோணல் வார்த்தை முதல் பக்கத்தில் இரண்டு இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு எங்கேயும் இல்லை.

மூன்று குச்சி வார்த்தையைக் கடைசிப் பக்கம் வரைக்கும் எண்ணினேன்.

பதினேழு.